ஹாவெல் காப் பண்ணைப் பலகை: மூன்றரை நட்சத்திரம்

வண்டியை எங்கே நிறுத்துவது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இடமே கிடையாது. புல் முளைத்த சாலையோரத்தில் இரண்டு சக்கரத்தை இறக்கி, அபாய விளக்கைப் போட்டுவிட்டு, பின்னால் பைன் மரம் ஏற்றிய லாரி வருகிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் வாசிக்க வேண்டும். நான் கொடுத்த மூன்றரை நட்சத்திரத்தில் முதல் அரை குறைந்தது இதற்காக.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், மில்லட்ஜ்வில் ஊருக்கு வடமேற்கே பத்து மைல் போல, 212ஆம் எண் மாநிலச் சாலை ஓரமாக நிற்கிறது இந்த வரலாற்றுப் பலகை. 1864 நவம்பர் 22ஆம் தேதி அமெரிக்க உள்நாட்டுப் போரில் வட மாநிலங்களின் ஜெனரல் ஷெர்மனின் படை கடலை நோக்கி முன்னேறியபோது ஷெர்மன் இங்கே ஒரு இரவு தங்கினார் என்பதுதான் விஷயம். நுழைவுக் கட்டணம் கிடையாது. காவலாளி, கழிப்பறை, குடிதண்ணீர் எதுவும் கிடையாது. கடலை விற்கிற ஆள்கூட இல்லை. கடலையைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

முதல் தடவை பலகையைத் தாண்டியே போய்விட்டோம். மாப்பிள்ளை 55 மைல் வேகத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார். "தாத்தா, அதுதான், அதுதான்!" என்று பேத்தி கத்தி முடிப்பதற்குள் அது பின்னால் போய்விட்டது. ஒரு சர்ச் வாசலில் திருப்பிக்கொண்டு வந்தோம். வரும்போது மனக்கணக்குப் போட்டேன். 55 மைல் வேகம் என்றால் வினாடிக்குச் சுமார் 25 மீட்டர். பலகையை நிதானமாக வாசிக்க எனக்கு முக்கால் நிமிடம் ஆனது. அப்படியானால் ஓடுகிற வண்டியிலிருந்து இதை முழுசாக வாசிக்க வேண்டுமென்றால் பலகை ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம் இருக்க வேண்டும். மாப்பிள்ளையிடம் சொன்னேன். "மாமா, நீங்க ரிட்டயர் ஆகி எட்டு வருஷம் ஆச்சு" என்றார்.

ஆமாம், நான் ரோடு போட்ட ஆள். கோவில்பட்டிக்காரன். 31 வருஷம் தார், ஜல்லி, மதகு, மைல்கல் என்று ஓடியது. மகள் அட்லாண்டா பக்கம் குடியிருக்கிறாள், ஆறு மாத விசாவில் வந்திருக்கிறோம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இங்கே சமூக அறிவியல் என்றாலே ஜார்ஜியா மாநில வரலாறுதான். பேத்திக்கு அந்தப் பாடம் நடந்துகொண்டிருந்தது. ஷெர்மன் போன வழியிலேயே வண்டியில் போய்ப் பார்க்கலாம் என்று அவள் சொன்னாள். சவானா கடற்கரை வரை போகிறோம் என்றதும் என் மனைவியும் சரி என்றாள். எனக்குக் கடற்கரையில் அவ்வளவு ஆர்வமில்லை. சாலையோரப் பலகை என்றால் நான் எங்கே வேண்டுமானாலும் இறங்குவேன்.

சரி, பலகைக்கு வருவோம். வார்ப்பு அலுமினியம். பச்சைப் பின்னணி, எழுத்துகள் புடைத்து நிற்கின்றன. மேலே வட்டமாக மாநில முத்திரை. மூன்று தூணும் ஒரு வளைவும் உள்ள அந்த முத்திரையை இந்த ஊரில் போலீஸ் வண்டி முதல் வரி ரசீது வரை எங்கும் பார்க்கலாம். 1950களில் மாநில அரசின் வரலாற்று ஆணையம் ஒன்று ஜார்ஜியா முழுக்க இப்படி நூற்றுக்கணக்கில் நட்டது. உள்நாட்டுப் போரைப் பற்றியவை அதில் ஏராளம். எங்கள் பக்கம் மாநில நெடுஞ்சாலைக் கல்லுக்குத் தலையில் பச்சை, தேசிய நெடுஞ்சாலைக்கு மஞ்சள். அதனால் இந்தப் பச்சையைப் பார்த்ததும் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது.

வேலைத்தரத்தைக் குறை சொல்ல முடியாது. எழுத்தின் ஓரங்கள் இன்னும் கூர்மையாக இருக்கின்றன. விரலால் தடவியே வாசிக்கலாம். பெயின்ட் போனாலும் எழுத்து போகாது, அதுதான் வார்ப்பின் லாபம். நாங்கள் கல்லில் பெயின்டரை வைத்து எழுதினோம். இரண்டு மழைக்காலம் போனால் "திருநெல்வேலி"யில் "நெல்" மட்டும் நிற்கும். கம்பம் நேராக இருக்கிறதா என்று பார்க்க, மனைவியின் கைப்பையிலிருந்து நூலை வாங்கி, கார் சாவியைக் கட்டித் தொங்கவிட்டேன். சாலைப் பக்கமாக ஒரு விரல்கடை சாய்ந்திருக்கிறது. இவ்வளவு வருஷத்துக்கு ஒரு விரல்கடை என்றால் அடித்தளம் நன்றாகப் போட்டிருக்கிறார்கள். கம்பத்தடியில் செம்மண். எறும்புப் புற்றும் இருக்கிறது, செருப்புப் போட்டுக்கொண்டு போனவர்கள் கவனம். இந்த ஊர் நெருப்பெறும்பு நம் ஊர்ச் சிற்றெறும்பு இல்லை.

இனி வாசகம். இதை எழுதியவர் ரோட்டுக்காரர் ஆகியிருக்க வேண்டியவர் என்பது என் கட்சி. எந்தத் தேதி, எந்தப் படைப்பிரிவு, யார் தலைமை, எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு. நான் எழுதிய வேலை முன்னேற்ற அறிக்கை மாதிரியே இருக்கிறது. அட்லாண்டாவைப் பிடித்த பிறகு, 1864 நவம்பர் 15ஆம் தேதி ஷெர்மனின் படை சுமார் 60,000 பேரோடு கிளம்பியது. வலது அணிக்கு ஹோவர்ட் தலைமை, இடது அணிக்கு ஸ்லோகம். அணிக்கு இரண்டு படைப்பிரிவு. இடது அணியில் 14ஆம் படைப்பிரிவோடு ஷெர்மன் வந்தார். டிசம்பர் 21ஆம் தேதி சவானா அவர் கையில். தந்திக் கம்பியை அறுத்துவிட்டு, பின்னாலிருந்து சோறு வரும் என்ற நினைப்பையும் விட்டுவிட்டு, போகிற வழியில் கிடைத்ததைத் தின்றுகொண்டே போன படை. இதெல்லாம் தெரிந்துகொண்டு போனால்தான் பலகை புரியும். தெரியாமல் போய் நின்றால் வெறும் பெயர்களும் எண்களும்தான்.

என் மனைவி அப்படித்தான் நின்றாள். ஒவ்வொரு தளபதி பெயருக்குப் பின்னாலும் யு.எஸ்.ஏ. அல்லது சி.எஸ்.ஏ. என்று போடுவது இந்த வகைப் பலகைகளின் வழக்கம். "எல்லாரும் யு.எஸ்.ஏ. தானே, எதுக்கு இவருக்கு மட்டும் வேற எழுத்து?" என்று கேட்டாள். போர் நடந்ததே அந்த ஒரு எழுத்துக்காகத்தான் என்றேன். சி.எஸ்.ஏ. என்பது அடிமை முறையைக் காப்பாற்றப் பிரிந்துபோன தென் மாநிலங்களின் கூட்டமைப்பு. குழப்பம் அதோடு முடியவில்லை. 14ஆம் படைப்பிரிவின் தளபதி பெயர் ஜெஃபர்சன் சி. டேவிஸ், வடக்கின் ஆள். தென் கூட்டமைப்பின் அதிபர் பெயர் ஜெஃபர்சன் டேவிஸ். நடுவில் ஒரு 'சி' போய்விட்டால் கட்சியே மாறிவிடும்.

பண்ணை யாருடையது என்பதில்தான் கதை இருக்கிறது. ஹாவெல் காப் சாதாரண மிராசுதார் இல்லை. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர், ஜார்ஜியா கவர்னர், அதிபர் புக்கானன் காலத்தில் நாட்டின் நிதியமைச்சர். இத்தனைக்கும் பிறகு 1861இல் பிரிந்துபோன கூட்டமைப்பின் தற்காலிக நாடாளுமன்றத்துக்குத் தலைவராக உட்கார்ந்து, அப்புறம் அவர்கள் படையில் ஜெனரலும் ஆனார். ஒன்றிய அரசின் கஜானாவை நிர்வகித்த ஆள் அதற்கெதிராகவே துப்பாக்கி தூக்கினால் ஷெர்மனுக்கு எப்படி இருந்திருக்கும்?

அன்று சாயங்காலம் கடும் குளிர்காற்று. ஷெர்மன் தன் நினைவுக் குறிப்புகளில் அந்த இரவைப் பற்றி இரண்டு பக்கம் போல எழுதியிருக்கிறார். கிளம்பும் முன்பு பேத்தி அந்தப் பகுதியை எனக்குப் படித்துக் காட்டினாள். காற்றுக்கு ஒதுங்க இடம் தேடி ஒரு மரக்கட்டை வீட்டுக்குள் நுழைகிறார். உள்ளே கிடந்த ஒரு சின்னப் பெட்டியில் ஹாவெல் காப் என்று எழுதியிருக்கிறது. அங்கே இருந்த கறுப்பினத்தவரிடம் விசாரிக்கிறார், ஆமாம், அவர் பண்ணைதான். உடனே பின்னால் வந்துகொண்டிருந்த டேவிஸுக்கு ஆள் அனுப்புகிறார்: எதையும் விட்டுவைக்காதே. சோளம், பயறு, நிலக்கடலை, சோளப்பாகு எல்லாம் பண்ணையில் நிறைய இருந்தன. வேலிக் கட்டைகளைப் பிடுங்கி எரித்துச் சிப்பாய்கள் குளிர்காய்ந்தார்கள். வண்டிக்காரர்களும் சிப்பாய்களும் மட்டுமில்லை, பண்ணையில் அடிமைகளாக இருந்தவர்களும் தானியத்தை அள்ளிக்கொண்டு போனார்கள் என்று ஷெர்மனே எழுதுகிறார். யார் விதைத்தது, யார் அறுத்தது என்று யோசித்தால் கடைசியாகச் சொன்னவர்களுடையதுதானே அது.

அதே இரவில் இன்னொன்றும் நடக்கிறது. ஷெர்மன் உள்ளே இருக்கும்போது நரைத்த தலையோடு ஒரு கறுப்பினக் கிழவர் மெழுகுவத்தியோடு வந்து, அவர் முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்கிறார். கை நடுங்குகிறது. ஏன் நடுங்குகிறாய் என்று கேட்டால், நீங்கள் நிஜமாகவே வடக்கத்திப் படைதானா என்று தெரிய வேண்டும் என்கிறார். முன்பொரு தடவை தென் குதிரைப்படையினர் வடக்கத்திச் சிப்பாய்களின் நீல அங்கியைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். இவர் அதை நம்பி அன்பாகப் பேசிவிட்டார். அதற்குக் கிடைத்தது ஈவிரக்கமில்லாத அடி. மறுபடியும் ஏமாற முடியாது அல்லவா? ஷெர்மன் அவரைத் திண்ணைக்குப் போய்ப் பார்க்கச் சொல்கிறார். போய்ப் பார்த்தால், கண்ணுக்கெட்டிய தூரம் வரை அடிவானம் முழுக்க முகாம்களின் நெருப்பு. பொய்ச் சட்டை போட்டு ஆளை ஏமாற்றலாம், அத்தனை நெருப்பை யாராலும் பொய்யாக மூட்ட முடியாது.

எனக்கு இந்தக் கிழவரை விட்டு நகர முடியவில்லை. வீட்டுக்கு யாரோ வந்து "ஆபீசர் வந்திருக்கிறார்" என்றால், முதலில் அடையாள அட்டையைக் காட்டு என்று கேட்கிற தைரியம் எத்தனை பேருக்கு வரும்? அடிபட்ட முதுகோடு, ஒரு ஜெனரலின் மூஞ்சிக்கு நேரே விளக்கைப் பிடித்துச் சரிபார்த்திருக்கிறார் அந்த மனிதர். அவர் பெயர் ஷெர்மன் எழுத்திலும் இல்லை. பலகையில் அவருக்கு இடமே இல்லை.

பேத்தி படித்துக் காட்டியதில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இன்னொன்று. கிளம்பும் முன்பு, 1864 நவம்பர் 9ஆம் தேதி ஷெர்மன் போட்ட 120ஆம் எண் உத்தரவு. கூடுமானவரை நான்கு இணையான சாலைகளில் போக வேண்டும், காலை 7 மணிக்குக் கிளம்ப வேண்டும், நாளுக்குச் சுமார் 15 மைல் என்று போகிறது. அதிலேயே ஒரு விதி: ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் ஒரு பயனியர் பட்டாளம் அமைக்க வேண்டும், முடிந்தால் அதில் கறுப்பின ஆட்களைச் சேர்க்க வேண்டும். அவர்கள் முன்னணிப் படைக்கு அடுத்தபடியாகப் போய்ச் சாலைகளைப் பழுதுபார்க்க வேண்டும், முடிந்த இடத்தில் இரட்டையாக்க வேண்டும்.

இது சாலைப் பராமரிப்பு கேங்! படை முழுவதற்கும் சுமார் 2,500 வண்டிகள். நவம்பர் மாத மழையில் ஜார்ஜியாச் செம்மண் எப்படி இருக்கும் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் நூறு வண்டி போனதுமே அச்சு வரை புதையும். மரத்தை வெட்டிக் குறுக்கே அடுக்கி, மேலே மண்ணைக் கொட்டி, பள்ளத்தை நிரப்பி, ஓடைக்கு மேல் பாலம் போட்டால்தான் பின்னால் வருகிற 99 சதவீதம் நகரும். வரலாற்றுப் புத்தகத்தில் "படை முன்னேறியது" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். படை எப்போதும் தானாக முன்னேறுவதில்லை. மண்வெட்டியோடு முன்னால் போனவர்களின் வேலைதான் அது. நேற்று வரை ஏதோ ஒரு காப் பண்ணையில் வேலி கட்டிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். பலகையில் தளபதிகளின் பெயர் இருக்கிறது, படைப்பிரிவின் எண் இருக்கிறது. ரோடு போட்டவர்கள் இல்லை. என் ஜாதிக்காரன் இல்லாத ரோட்டுப் பலகைக்கு முழு மதிப்பெண் எப்படிக் கொடுப்பது? ஒரு நட்சத்திரம் குறைந்தது இதற்காகத்தான்.

வார்த்தவர்களையும் யோசித்துப் பார்த்தேன். 1950களில் இந்த மாநிலத்தில் கறுப்பினத்தவருக்குத் தனிப் பள்ளி, தனிக் குழாய், பேருந்தில் பின் இருக்கை. அந்தக் காலத்து அரசு ஆணையம் எழுதிய வாசகம் இது. யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்று அவர்கள் கூட்டம் போட்டிருக்கவே தேவையில்லை, வழக்கமே முடிவு செய்திருக்கும்.

பலகையில் எழுதியதை ஊர் நம்பும், அதுதான் இந்த வேலையில் உள்ள பயம். 1987இல் நான் கையெழுத்துப் போட்டு நட்ட ஒரு கல்லில் 14 என்று இருக்க வேண்டியது 12 என்று இருந்தது. தப்பு பெயின்டருடையது என்று சொல்லிப் பார்த்தேன், ஆனால் சரிபார்த்தது நான்தான். ஆறு வருஷம் அந்தக் கல் நின்றது. ஒருத்தர்கூடப் புகார் சொல்லவில்லை. மாற்றிய பிறகுதான் பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருத்தர் வந்தார். "என்ன சார், எங்க ஊரை ரெண்டு கிலோமீட்டர் தள்ளி வச்சிட்டீங்க" என்று சண்டை போட்டார்.

மில்லட்ஜ்வில்லில் ஒரு மணி நேரம்தான் இருந்தோம். அப்போது அதுதான் ஜார்ஜியாவின் தலைநகர். 1861 ஜனவரியில் மாநிலம் பிரிவதென்று முடிவெடுத்த பழைய சட்டமன்றக் கட்டிடம் இன்னும் நிற்கிறது, இப்போது ராணுவக் கல்லூரி. ஷெர்மனின் சிப்பாய்கள் உள்ளே போய்ப் பொய்ச் சட்டமன்றம் நடத்தி, பிரிவினைத் தீர்மானத்தை ரத்து செய்து விளையாடியிருக்கிறார்கள். கவர்னர் முன்னமே ஓடிவிட்டார். பேத்தி படம் எடுத்துக்கொண்டாள்.

இங்கே கடலைக்கு வருகிறேன். ஊருக்கு வெளியே ஒரு பெட்ரோல் பங்கில், வாசலில் பெரிய மின்பானையில் அவித்த கடலை. தோலோடு, உப்புத் தண்ணீரில் மணிக்கணக்காக வெந்தது. ஒரு கரண்டியை எடுத்து நாமே கோப்பையில் அள்ளிக்கொள்ள வேண்டும். காரம் போட்டது ஒன்று, வெறும் உப்பு ஒன்று. வெறும் உப்பை எடுங்கள். கோவில்பட்டிக்காரன் கடலையைப் பற்றிச் சும்மா சொல்ல மாட்டான்: நம் ஊரில் அவிப்பதைவிட இரண்டு பங்கு வேகவைக்கிறார்கள், பருப்பு மொச்சைப்பயறு மாதிரி குழைகிறது, ஆனாலும் கை நிற்காது. காப் பண்ணையில் சிப்பாய்களுக்குக் கிடைத்த சரக்குப் பட்டியலில் கடலையும் இருந்தது என்று சொன்னேன். மனைவி, "அதான் ரெண்டு பக்கம் எழுதியிருக்காரு" என்றாள்.

சவானா போகிற வழியில் பருத்திக் காடு. எடுத்து முடித்த காட்டில், பெரிய உருளைகளாகச் சுருட்டி மஞ்சள் பிளாஸ்டிக் சுற்றி வைத்திருக்கிறார்கள், ஒவ்வொன்றும் மாட்டுவண்டி உயரம். இந்தப் போர் நடந்த நான்கு வருஷமும் இங்கிருந்து பருத்தி வெளியே போக முடியாமல் வடக்கின் கப்பல்கள் துறைமுகங்களை மறித்து நின்றன. இங்கிலாந்து மில்களுக்குப் பஞ்சு இல்லை. அப்போதுதான் எங்கள் கரிசல் பருத்திக்குத் தூத்துக்குடியில் விலை ஏறியது. லிவர்பூல் சந்தையில் அதற்கு டின்னவேலி என்றே பெயர். 1865இல் போர் முடிந்தது, எங்கள் பக்கம் விலையும் விழுந்தது. இங்கே ஒரு பண்ணை எரிந்த வருஷம் அங்கே எவனோ ஒரு சம்சாரி ஜோடி மாடு வாங்கியிருப்பான். மறு வருஷம் அதையே விற்றும் இருப்பான். இதை எந்தப் பலகையிலும் போட முடியாது, சும்மா சொன்னேன்.

இந்த மதிப்புரையை நான் முதல் பலகையோடு முடித்திருக்கலாம், ஆனால் முடியவில்லை. சவானாவுக்கு முன்னால், எஃபிங்ஹாம் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) இன்னொரு பலகையைப் பார்த்தேன். 2010இல் ஜார்ஜியா வரலாற்றுக் கழகம் வைத்தது. இங்கிருந்து ஒரு மைல் வடக்கே என்று இடம் சொல்லித்தான் வாசகமே தொடங்குகிறது. அதே 14ஆம் படைப்பிரிவு, அதே ஜெஃபர்சன் சி. டேவிஸ். 1864 டிசம்பர் 9, எபனேசர் ஓடை. படை மிதவைப் பாலம் போட்டுக் கடந்தது. கடைசிச் சிப்பாய் கரையேறியதும் டேவிஸ் பாலத்தைப் பிரித்து எடுக்கச் சொன்னார். பின்னால் வந்துகொண்டிருந்த, அடிமைத்தளையிலிருந்து வெளியேறியிருந்த மக்கள் அக்கரையிலேயே நின்றுவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் தென் குதிரைப்படை, முன்னால் குளிர்ந்த, பெருகிய தண்ணீர். குதித்து நீந்திப் பார்த்த நூற்றுக்கணக்கானோர் மூழ்கினார்கள் என்கிறது பலகை.

அந்த வாசகம் அங்கே நிற்கவில்லை. செய்தி வெளியே வந்து சத்தம் கிளம்பியதும் போர் அமைச்சர் ஸ்டான்டன் சவானாவுக்கு வந்தார். 1865 ஜனவரி 12ஆம் தேதி ஷெர்மனோடு சேர்ந்து கறுப்பினத் தலைவர்களைச் சந்தித்தார். நான்கு நாள் கழித்து வந்தது 15ஆம் எண் உத்தரவு: கடலோர நிலத்தைப் பறிமுதல் செய்து விடுதலையானவர்களுக்கு 40 ஏக்கர் வீதம் பிரித்துக் கொடுக்க. அந்த நிலத்தில் பெரும்பகுதியை அதே வருஷம் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் பழைய முதலாளிகளுக்கே திருப்பிக் கொடுக்க வைத்துவிட்டார். அதைப் பேத்தி பள்ளிப் பாடத்திலிருந்து சொன்னாள்.

நானும் தற்காலிகப் பாலங்கள் போட்டிருக்கிறேன். வெள்ளக் காலத்தில் பாலத்தை எப்போது எடுக்கலாம் என்று முடிவு செய்கிற இடத்தில் நின்றிருக்கிறேன். அக்கரையில் ஆள் இருக்கிறதா என்று ஒருத்தன் கத்திக் கேட்டுவிட்டுத்தான் முளையைப் பிடுங்குவான். கேட்காமல் பிடுங்க மாட்டோம். இங்கே அக்கரையில் ஆள் இருப்பது தெரிந்தே பிடுங்கியிருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் காப் பண்ணையிலிருந்து கிளம்பியவர்களும் இருந்தார்களா என்று பேத்தி கேட்டாள். நான் ஓடைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். சதுப்பில் சைப்ரஸ் மரங்கள், தண்ணீர் தேயிலைச் சாயம் மாதிரிக் கறுப்பு. ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாத தண்ணீர்.

இரண்டு பலகையும் ஒரே படையின் முன்னேற்றத்தைத்தான் சொல்கின்றன, இடையில் 17 நாள்தான். ஆனால் அவற்றை எழுதியவர்களுக்கு இடையில் அரை நூற்றாண்டு இருக்கிறது. காப் பலகையைத் திட்டிவிட்டுப் போகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பழைய பலகை இருந்தால்தான் எதை விட்டார்கள் என்று தெரியும். பேத்தி வகுப்பில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக் காட்டியிருக்கிறாள். அவள் தேடிக் கண்டுபிடித்த ஒன்றையும் கீழே எழுதியிருந்தாள். போர் தோற்கப்போகிறது என்ற நிலையில், 1865 ஜனவரியில் அடிமைகளைப் படையில் சேர்க்கலாமா என்று தெற்கில் பேச்சு வந்தபோது, அதைக் கடுமையாக எதிர்த்துக் கடிதம் எழுதியவர் இதே ஹாவெல் காப். அடிமைகள் நல்ல சிப்பாய்கள் ஆவார்கள் என்றால் அடிமை முறையைப் பற்றிய நம் கொள்கையே தப்பு என்று ஆகிவிடும் என்பது அவர் வாதம். தன் பண்ணைக் கிழவர் மெழுகுவத்தியோடு நின்ற இரவுக்கு ஏழு வாரம் கழித்து எழுதியது. மனிதர் தானே தன் பலகையை எழுதிவைத்துவிட்டார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. காலையில் போங்கள், லாரி குறைவு. வண்டி ஓட்டுபவரை உள்ளேயே உட்காரச் சொல்லுங்கள். பக்கத்தில் பண்ணை வீடு ஏதாவது மிஞ்சியிருக்கும் என்று தேடிக் காட்டுக்குள் போக வேண்டாம், நிலம் அடுத்தவருடையது. புளியோதரை கட்டிக்கொண்டு போய் மில்லட்ஜ்வில்லில் மர நிழலில் சாப்பிடலாம். ஒரு ஈரத்துணி எடுத்துப் போங்கள், முத்திரையின் மேல் பறவை எச்சம். நான் துடைத்துவிட்டு வந்தேன், ஆனால் பறவைகளுக்குத் தெரியாதே.

சவானாவிலிருந்து திரும்பும்போது அதே வழியாக வர வேண்டும் என்று நான்தான் அடம்பிடித்தேன். வழியில் டப்ளின் என்ற ஊரின் வட்டச்சாலையில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டோம், வந்து சேரும்போது நன்றாக இருட்டிவிட்டது. 212இல் தெருவிளக்கு கிடையாது. மாப்பிள்ளை எஞ்சினை அணைக்காமல் நிறுத்தினார். நூலும் சாவியும் எடுத்துக்கொண்டு இறங்கினேன், அந்த ஒரு விரல்கடைச் சாய்வைச் சரியாக அளந்து யாருக்காவது எழுதிப் போடலாம் என்று. ஒன்றும் தெரியவில்லை. மனைவி பின்னாலேயே வந்து செல்போன் டார்ச்சைப் பலகைக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தாள். கிட்டத்தில் வெளிச்சம் பட்டதும் எழுத்துகள் நிழலோடு எழும்பி நின்றன. நான் அளக்கவில்லை. முதல் வரியிலிருந்து மறுபடியும் வாசித்தேன். கை வலிக்கிறது என்றாள். இன்னும் ரெண்டு வரி என்றேன். தூரத்தில் லாரி வெளிச்சம் தெரிந்தது. மாப்பிள்ளை ஹாரனை ஒரு தட்டுத் தட்டினார்.